இடைவேளைத் தோடம்பழம்

ஆரஞ்சு என்று மற்றவர்கள் சொல்வதை நாங்கள் தோடம்பழம் என்போம். அந்தப் பழத்தை நாலாக வெட்டி, பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, விளையாட்டுத் திடலின் ஓரத்தில் யாராவது வைத்திருக்கக் கண்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். பழம் என்ன பாவம் செய்தது என்று என் கணவர் கேட்பார். பழம் ஒரு பாவமும் செய்யவில்லை. அதைக் கொடுத்து ஒரு பிள்ளையின் முழங்காலை வாங்கினார்களே, அவர்களைச் சொல்கிறேன்.

மன்னார் அக்கா ஒக்லாந்தின் மேற்கே ரானுயியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். பெயர் இருக்கிறது, சொல்லப்போவதில்லை. அந்தப் பக்கத்துத் தமிழருக்கெல்லாம் அவர் மன்னார் அக்காதான். முதுகுக்குப் பின்னால் மட்டும் ‘கூலி அக்கா’. நல்ல உயரம். எங்கள் சமையலறை மேல்தட்டில் இருப்பதைக் கதிரை போடாமல் எடுத்துத் தருவார். கணவர் இந்தியாவில் அகதி முகாமில் இருந்த காலத்திலேயே இறந்துவிட்டார். தமையன் ஒழுங்கு செய்த விசாவில் ஒரே மகளோடு ஒக்லாந்துக்கு வந்து, பாண் என்று நாங்கள் சொல்லும் ரொட்டி செய்யும் ஃபக்டரியில் வேலை செய்தார்.

அக்காவுக்குப் பிடிக்காத ஒரு சொல் தமிழில் உண்டென்றால் அது ‘சும்மா’. நன்றாகத் தைப்பார். ஒருநாள் எங்கள் ஆட்களில் ஒரு டாக்டரின் மனைவி துணியோடு வந்து, “சும்மா ஒரு பிளவுஸ்தானே அக்கா, தைச்சுத் தாங்கோவன்” என்று குழைந்தார். அக்கா துணியைத் தொடவே இல்லை. “உங்கட அவர் ஆரையும் சும்மா ஊசி குத்துறவரோ? நானும் ஊசிதான் குத்துறன்” என்றார். அந்த அம்மா முகம் கறுத்துப் போய்விட்டார். பிறகு கூலியோடு திரும்பி வந்தார், வேறு வழியில்லை, அந்தக் கைக்கு அப்படி ஒரு வெட்டு.

மாதா பெருநாளுக்குச் சமைக்கக் கேட்டார்கள். வெங்காயம் உரிக்க வரும் இரண்டு பெண்களுக்கும் கூலி கொடுத்தால்தான் தான் வருவேன் என்று நின்றுவிட்டார். “மாதாவுக்குச் செய்யிறதுக்குக் கூலியோ?” என்று கமிட்டிக்காரர் நெஞ்சில் கை வைத்தார். ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று வாழ்கிற மனிதர் அவர். அக்கா சொன்னார்: “மாதா கேட்டால் சும்மா செய்வன். கேக்கிறது நீங்களெல்லோ.”

அவரும் சும்மா ஒன்றும் வாங்கமாட்டார், அதையும் சொல்லவேண்டும். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சனிக்கிழமைகளில் மகளின் விளையாட்டுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போவேன். ஒவ்வொரு முறையும் சூடு ஆறாத பாண் ஒன்று என் மடிக்கு வரும். “என்னக்கா இது, நான் வேறை ஆளோ?” என்றால், “நீர் வேறை ஆளில்லை, ஆனால் நித்திரையை விட்டிட்டு வந்தனீர்” என்பார். எனக்கு முதலில் இது பிடிக்கவே இல்லை. உறவென்றால் கணக்குப் பார்ப்பதா என்று எரிச்சலாக இருந்தது. போகப் போகத்தான் விளங்கியது, உழைப்பைக் கண்ணால் கண்டால் கண்டேன் என்று சொல்லியே தீருகிற ஆள் அவர்.

அந்த மகள் இங்கே வலைப்பந்து, அதுதான் நெட்போல், ஆடினாள். நியூசிலாந்துப் பெண் பிள்ளைகளுக்கு வலைப்பந்து என்றால் உயிர் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரியும், ஏனென்றால் அவரும் மன்னாரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் கோல் போடுகிறவராக இருந்தவர். கொழும்பு வரை போய்க் கிண்ணம் வென்று வந்த கதையைக் காரில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்.

“என்னக்கா தந்தவை?” என்று கேட்டேன் ஒருதரம்.

“அரைத் தோடம்பழம். வெண்டதால பிறகு மற்றப் பாதியும் தந்தவை.” சொல்லிவிட்டுப் பெரிதாகச் சிரித்தார். “அடுத்த வருஷம் மீன்பிடிக்கப் போன அப்பர் கடலிலயே போயிட்டார். நான் படிப்பை விட்டிட்டன். ஒருநாள் அந்தப் பக்கம் போகேக்க ஜன்னலால பாத்தன். கிண்ணம் உள்ளுக்க, அலுமாரியில. நான் வெளியில, மீன் கூடையோட.”

இதைச் சொல்லும்போது அவர் அழுததில்லை. நான்தான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

மகளும் தாயைப் போல நெடிய வளர்த்தி. ஹெண்டர்சன் பக்கத்தில் சாதாரண அரசாங்கக் கல்லூரி ஒன்றில் (இங்கே உயர்பள்ளியைத்தான் கல்லூரி என்பார்கள்) படித்துக்கொண்டு, பின்னேரங்களில் சூப்பர்மார்க்கெட்டில் வேலை செய்துகொண்டு, சனிக்கிழமை ஆடிக்கொண்டு, அவள் பாட்டில் இருந்தாள். அவள் கைக்குப் பந்து போனால் வலைக்குள்தான் விழும். நகரத்தின் மற்றப் பக்கத்தில் பெரிய மரங்கள் நிற்கிற தெருவில் ஒரு பணக்காரப் பெண்கள் கல்லூரி இருந்தது. அவர்களுடைய கண்ணில் பட்டாள். வந்தது வினை.

அந்தக் கல்லூரியின் விளையாட்டுப் பொறுப்பாளர் ரானுயிக்கே வந்து அக்காவின் சோஃபாவில் இருந்தார். நல்ல சிரிப்பு, நல்ல வாசம். மிச்சமிருக்கிற இரண்டு வருஷமும் கட்டணம் இல்லாமல் படிக்கலாம், உடுப்பும் தருவார்கள், கிழமையில் பல நாள் பயிற்சி இருக்கும், ஆகவே பின்னேர வேலையை விடவேண்டும். நான் மொழிபெயர்த்தேன். அக்கா கைகட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப இவளுக்குச் சம்பளம் என்ன எண்டு கேளும்” என்றார்.

கேட்டேன். ஒரு சொல்லும் குறைக்காமல், ஆசையோடு கேட்டேன். அந்தப் பெண் சிரித்தார். பகிடி என்று நினைத்துவிட்டார். பிறகு, இது பள்ளிக்கூட விளையாட்டு, இதற்குச் சம்பளம் கிடையாது, ஆனால் காசால் வாங்க முடியாத அனுபவம் கிடைக்கும் என்றார்.

“காசால வாங்கேலாததை வைச்சு நானும் கடையில ஒண்டும் வாங்கேலாது” என்றார் அக்கா. “கோச்சுக்குச் சம்பளம் இருக்கோ?”

இருந்தது. விசில் ஊதுகிற நடுவருக்கும் இருந்தது. திடலைக் கூட்டுகிற மனிதருக்கும் இருந்தது. சட்டையின் நெஞ்சில் பெயர் போட ஒரு கார் விற்கும் கம்பனி கல்லூரிக்குப் பணம் கொடுத்தது. அதை அந்தப் பெண்ணே பெருமையாகச் சொன்னார். ஓடி விழுந்து எழும்புகிற பிள்ளைக்கு மட்டும் அனுபவம். ரக்பி ஆடுகிற ஆம்பிளைகளுக்கு வெளிப்படையாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய காலம் அது. டிவியில் இரவு பகலாக அதே பேச்சு. விளையாட்டு வேலை என்று நாடே ஒத்துக்கொண்ட பிறகும் இந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் அது பொழுதுபோக்கு.

அக்கா மாட்டேன் என்றார். மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சாப்பிடவில்லை. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து புத்தி சொன்னார்கள். “வலியவாற சீதேவியைக் காலால உதைக்கிறியள்” என்றார்கள். என் கணவரும் தன் பங்குக்கு, “படிக்கப் போற பிள்ளைக்குச் சம்பளமோ? பிறகு பள்ளிக்கூடம் சந்தையாப் போயிடும்” என்றார். பிள்ளையை வீடு தேடி வந்து விலை பேசிக்கொண்டு போகிறார்கள், சந்தை எப்பவோ வந்துவிட்டது, விற்கப்படுகிறவளுக்குத்தான் காசு இல்லை என்று நான் கத்தினேன். கடைசியில் அக்கா ஒத்துக்கொண்டது மகளின் முகத்துக்காக. வேறொன்றுக்காகவும் இல்லை.

விடிய ரயில் ஏறி, நியூமார்க்கெட்டில் இறங்கி, பஸ் பிடித்துப் போனாள். இருட்டினபிறகு வந்தாள். சூப்பர்மார்க்கெட் வேலையை விட்டாள். கொஞ்ச நாளில் கல்லூரியின் விளம்பரப் புத்தகத்து அட்டையில் அவளுடைய படம் வந்தது, பந்தை உயர்த்தியபடி. மாநிறத்தில் ஒரு பிள்ளை அட்டைக்கு வேண்டியிருந்தது, கிடைத்துவிட்டது. அதே அணியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலிருந்து போன ஒரு சமோவாத் தீவுப் பிள்ளையும் இருந்தாள். அவளுடைய தாய் பெரிய உடம்பு, பேச்சு இல்லை. ஓரத்தில் அக்காவும் அவரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். இரண்டு பேருக்கும் பொதுப் பாஷை கிடையாது, ஆனால் நடுவர் பிழையாக ஊதினால் இரண்டு பேரும் ஒன்றாக எழும்புவார்கள்.

இடைவேளையில் பிள்ளைகளுக்குத் தோடம்பழம் வெட்டிக்கொண்டு வரப் பெற்றோரிடையே முறை இருந்தது. முதல் தரம் தன் முறை வந்தபோது அக்கா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “பாத்தீரே. மன்னாரிலயும் இதுதான், இஞ்சையும் இதுதான். சம்பளத்தைக்கூடப் பெத்த தாய்தான் வெட்டிக்கொண்டு வரவேணும்.”

குளிர்காலத்தின் நடுவில் மகளின் இடது முழங்கால் வீங்கியது. அக்கா மஞ்சளும் உப்பும் வைத்துக் கட்டிப் பார்த்தார், டாக்டரிடமும் காட்டினார். டாக்டர் ஓய்வு என்றார். அந்தச் சனிக்கிழமை முக்கியமான ஆட்டம். மழை தூறி, தார்த் தரை மினுங்கிக்கொண்டிருந்தது. அவளை வெளியேதான் வைத்திருந்தார்கள். கடைசிக் கால்பகுதியில் பின்தங்கியதும் கோச் வந்து அவள் முன்னால் குந்தியிருந்து, கண்ணைப் பார்த்து, “உன்னால் முடியுமா?” என்று கேட்டார். எனக்குப் பக்கத்தில் வைத்துத்தான் கேட்டார். பதினேழு வயதுப் பிள்ளையிடம், அணி முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, முடியுமா என்று கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? முடியாது என்றா? அக்கா, “வேண்டாம் பிள்ளை, இரு!” என்று தமிழில் கத்தினார். மகள் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

குதித்து இறங்கும்போது கால் திரும்பியது. ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன்.

பொறுப்பாளர் ஓடி வந்து, குனிந்து, கண் கலங்கினார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். சீ, எனக்கு வாயில் வந்ததையெல்லாம் பல்லுக்குள் கடித்துக்கொண்டு நின்றேன்.

விபத்துக்கு உதவி கொடுக்கிற அரசாங்க அலுவலகத்துக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களை ஒரு குற்றமும் சொல்லமாட்டேன். சத்திரசிகிச்சைக்கு எல்லாம் செய்து தந்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் தன்மையாகக் கேட்டார், காயப்பட்டபோது பிள்ளை என்ன வேலை செய்துகொண்டிருந்தாள் என்று. வேலை செய்கிறவள் என்றால் குணமாகும் வரைக்கும் சம்பளத்தில் பெரும் பங்கு வரும்.

“வலைப்பந்து” என்றார் அக்கா.

அது வேலை இல்லையே என்றார் அந்தப் பெண்.

“வேலை இல்லாட்டி, செய்துகொண்டிருந்த வேலையை ஏன் விடச் சொன்னவை?”

நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கேள்வியை நீங்கள் கேட்கவேண்டிய இடம் இதில்லை என்றார். சரியாகத்தான் சொன்னார். சூப்பர்மார்க்கெட்டில் பால் போத்தலைத் தூக்கிக்கொண்டு இருந்திருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கை நிறைய ஏதாவது வந்திருக்கும். கல்லூரியின் சட்டையைப் போட்டுக்கொண்டு விழுந்தபடியால் ஒன்றும் இல்லை.

கேட்கவேண்டிய இடத்துக்கும் போனோம். போனபோது அவர்களே ஒரு செய்தி வைத்திருந்தார்கள். இலவச இடம் ஆடுகிற பிள்ளைகளுக்கானது. அடுத்த வருஷம் இவள் ஆடமுடியாதபடியால், மிகவும் வருத்தத்தோடு, அந்த இடத்தை வேறொரு பிள்ளைக்குக் கொடுக்கவேண்டியிருக்கிறது. பொறுப்பாளர் இதைச் சொன்னபோதும் அந்த நல்ல சிரிப்பின் மிச்சம் முகத்தில் இருந்தது. கறியில் கிடந்த கறிவேப்பிலையை எடுத்து ஓரத்தில் வைப்பதுபோல வைத்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அக்கா குரலை உயர்த்தவே இல்லை.

“தங்கச்சி, இதை அப்பிடியே சொல்லும். அந்தப் படிப்பு சம்பளம் இல்லை எண்டால், விளையாடாததுக்காக அதை நிப்பாட்டேலாது. சம்பளம்தான் எண்டால், வேலையில காயப்பட்டவளைக் கலைக்கேலாது. ரெண்டில எது எண்டு சொல்லச் சொல்லும்.”

சொன்னேன். அது அப்படி இல்லை என்றார் பொறுப்பாளர். எப்படி என்று கேட்டேன். அது அப்படி இல்லை என்று இன்னொருதரம் சொன்னார்.

எங்கள் ஆட்கள் என்ன குறைச்சலோ? தமிழ்ச் சங்கம் ஆண்டு விழாவில் அந்தப் பிள்ளையை இரண்டு ஊன்றுகோலோடு மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்தியது. போர்த்த வந்த தலைவர் தமிழ்நாட்டுக்காரர். “தமிழ்ப் பொண்ணுங்க பெருமையை நியூசிலாந்தே பேசுது” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அக்கா மேடைக்குப் பக்கத்தில் போய் நின்று, மைக் இல்லாமலே, “பெருமை போதும் ஐயா. பிள்ளையைக் கிழமைக்கு ரெண்டுதரம் பிசியோவுக்கு ஏத்தி இறக்க ஆர் வாறியள்? கையைத் தூக்குங்கோ, இப்ப தட்டின கையைத்தான்” என்றார். ஒரு கையும் எழும்பவில்லை. தலைவர் ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

இந்த நிலையில், பருவத்தின் கடைசி ஆட்டத்துக்குச் சில நாள் முந்தி, பொறுப்பாளர் போன் செய்தார். நான் அக்காவின் சமையலறையில் இருந்தேன். ரிசீவரை என்னிடம் தந்தார். பொறுப்பாளர் மகளின் காலைப் பற்றி விசாரிக்கவில்லை. இந்தச் சனிக்கிழமை தோடம்பழம் உங்களுடைய முறை, மறந்துவிடாதீர்கள் என்று நினைவூட்டத்தான் எடுத்தாராம்.

நான் அந்தப் போனுக்குள் என்னென்ன சொல்லியிருப்பேனோ தெரியாது. அக்கா கையை நீட்டி என்னை நிறுத்தினார். “கொண்டு வாறம் எண்டு சொல்லும்.”

“விசரோ அக்கா உங்களுக்கு?”

“சொல்லும்.”

சும்மா ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுக்காத மனுஷி, இவர்களுக்குப் பழம் வெட்டிக்கொண்டு போகப்போகிறாரா என்று எனக்கு அவர்மேலேயே கோபம் வந்தது. சனிக்கிழமை காலை இரண்டு பெரிய பெட்டியோடு காரில் ஏறினார். மகள் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். சக பிள்ளைகளைப் பார்க்க அவளும் வருவேன் என்று நின்றாள். என் மடிக்கு வழக்கம்போலப் பாண் வந்தது.

அன்றைக்குக் கல்லூரியின் சொந்தத் திடலில் ஆட்டம். பழைய மாணவிகள் வரும் நாள். வெள்ளைக் கூடாரம் அடித்து, அதிபரும் பொறுப்பாளரும் கார்க் கம்பனிக்காரரும் இன்னும் பல பெரியவர்களும் வைன் கிளாஸோடு இருந்தார்கள். மேசையில் சாமன் மீன் வைத்த சின்னச் சின்ன சாண்ட்விச், கோழி, பாவ்லோவா கேக். பிள்ளைகள் வெளியே குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு நின்றார்கள்.

இடைவேளைக்கு ஊதியது. பிள்ளைகள் பழத்துக்கு ஓடி வந்தார்கள். அக்கா அவர்களைக் கையால் நிறுத்தி, “வெயிட்” என்றார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேராகக் கூடாரத்துக்குள் போனார். நான் பின்னால் ஓடினேன். ஒவ்வொருவருக்கும் முன்னால், அதிபரிலிருந்து கார்க் கம்பனிக்காரர் வரைக்கும், ஒரு துண்டுத் தோடம்பழம் வைத்தார். கவனமாக, பந்தியில் பரிமாறுவதுபோல வைத்தார். வைத்து, தனக்குத் தெரிந்த நாலு சொல் ஆங்கிலத்தில், “டுடே, யுவர் பே” என்றார். இன்றைக்கு உங்களுக்குச் சம்பளம் இதுதான்.

பொறுப்பாளர் எழும்பி, இந்த இடம் விருந்தாளிகளுக்கானது என்றார். அக்கா கேட்காதவர்போல நின்றார். அதிபர் பாவம், மரியாதை தெரிந்தவர், என்னவோ எங்கள் பண்பாட்டுச் சடங்கு என்று நினைத்தாரோ தெரியாது, துண்டை எடுத்துக் கடித்தார். சாறு அவருடைய வெள்ளைச் சட்டைக் கையில் வழிந்தது. அவர் தின்று முடியும் வரைக்கும் அக்கா காத்துக்கொண்டு நின்றார்.

“குட்?” என்று கேட்டார்.

மிக நன்றாக இருக்கிறது என்றார் அதிபர்.

“அப்ப உங்களுக்கும் இது போதும்” என்று தமிழில் சொல்லிவிட்டு, சாண்ட்விச் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார். அப்போதுதான் அந்த சமோவாத் தாய் உள்ளே வந்தார். கோழித் தட்டை ஒரு கையிலும் பாவ்லோவாவை மறு கையிலும் எடுத்துக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் போனார். பிள்ளைகள் முதலில் பயந்துபோய் நின்றார்கள். பிறகு பசி வென்றது. நான் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு, வயிறு நொந்துபோனது.

அன்று அவர்கள் வென்றார்கள். கிண்ணம் அலுமாரிக்குப் போயிருக்கும்.

திரும்பி வரும்போது மகள் காரில் கத்தினாள். எல்லாம் ஆங்கிலத்தில். வெட்கக்கேடு, இனி எந்த முகத்தோடு அந்தப் பிள்ளைகளைப் பார்ப்பேன், எல்லாவற்றையும் காசாகத்தான் உனக்குப் பார்க்கத் தெரியும் என்று அழுதாள். நான் வாயைத் திறக்கப் போனேன். அக்கா வேண்டாம் என்று தலையை ஆட்டினார். வடமேற்கு மோட்டர்வேயில் இரண்டு பக்கமும் கடல் வற்றிச் சேறாகக் கிடந்தது. மகள் அழுது ஓய்ந்தாள். அதற்குப் பிறகு, தாய்க்கு ஒரு சொல்லும் தப்பக்கூடாது என்பதுபோல, தன் கொச்சைத் தமிழில் மெதுவாகச் சொன்னாள்:

“ஒருத்தரும் என்னைப் பிடிச்சுத் தள்ளேல்லை, அம்மா. எனக்கு விளையாட விருப்பம். ஒண்டும் தராட்டியும் நான் விளையாடியிருப்பன். சும்மாவே விளையாடியிருப்பன்.”

அந்தச் சொல்லை அக்காவின் முன்னால் சொல்லிவிட்டாளே என்று எனக்குத் திக்கென்றது. அக்கா கோபப்படவில்லை. மடியில் இருந்த வெறும் பெட்டியை மூடினார். பின்னால் கையை நீட்டி, கட்டுப்போட்ட அந்த முழங்காலின்மேல் வைத்துக்கொண்டார்.

“ஓம் பிள்ளை” என்றார். “அது அவையளுக்கு உன்னைக் கண்ட அண்டைக்கே தெரியும்.”